போனுக்கு வச்ச பூ

— நான் எப்பம்மா சரின்னு சொன்னேன்? என்னைக்குச் சொன்னேன்? நம்ம சாமி மேல சத்தியமாச் சொல்லு!

— தெருவே திரும்பிப் பாக்கும்படியாக் கத்தாதடி கூறுகெட்டவளே. நீதான் சொன்ன. "சரிம்மா, உன் இஷ்டம்"னு வாய் நெறையச் சொன்ன. உன் சொல்ல நம்பித்தான மல்லாங்கிணறுக்காரவுக வந்து பூ வச்சுட்டுப் போனாக?

— யாருக்கு வச்சாக? நான் மதுரைல ஹாஸ்டல்ல உக்காந்து பரிச்சைக்குப் படிச்சுக்கிட்டு இருந்தேன். இங்க யார் தலையிலம்மா வச்சாக?

— தங்கம்... தங்கலச்சுமி... கதவு தெறந்து கெடந்துச்சு. பாலுக்கு ஊத்த ஒரு கரண்டி ஒறமோரு வாங்கிட்டுப் போவோம்னு வந்தேன். நீங்க பேசுங்க. நான் எதையும் காதுல வாங்கல.

— வாங்க ராஜேஸ்வரி மதினி. நல்ல நேரத்துல வந்தீக. பரிசத்தன்னைக்கு வந்து நின்னுக்கிட்டு "நான் சொல்லவே இல்ல"ங்கிறா, நான் பெத்த மக. இதக் கேட்டா வாரவுக என்னைய மனுசியா மதிப்பாகளா?

— அத்தே, நீங்களே நியாயம் சொல்லுங்க. பரிச்சை முடிஞ்சு லீவுக்கு வாரேன். திருச்சுழில ஷேர் ஆட்டோ ஏறுனா, பக்கத்துல உக்காந்திருந்த ஒச்சம்மா பெரியம்மா "என்னத்தா, இன்னைக்கு ஒனக்குப் பரிசமாமே, மூஞ்சில ஒரு களையக் காணமே"ங்கிறாக. எனக்குத் தெரியாம எனக்குப் பரிசமா?

— ஆத்தீ, ஒனக்குத் தெரியாமயா? நான் கண்ணால பாத்தேன் கனகு. கண்ணாலன்னா, ஜன்னல் வழியா. வேணும்னு பாக்கல, துணி காயப் போட வந்தேன். நடுக்கூடத்துல மணப்பலகை. அதுமேல பித்தளைத் தாம்பாளம். தாம்பாளத்துல உங்கம்மா போனு. மாப்ள அய்யப்பனோட அக்கா ரெண்டு மொழம் மல்லியப்பூவ அதுக்குச் சுத்திவிட்டு, குங்குமமும் வச்சா. அது திரையெல்லாம் ஒட்டி, ஆளு மாத்தி ஆளு முந்தானையில தொடைச்சாக.

— போனுக்கா பூ வச்சாக?

— நீதான்டி வழி சொன்ன! "நல்ல நாளத் தள்ளாதம்மா. என்னால வர முடியாது. போன நடுவுல வச்சுருங்க, நான் அதுல இருப்பேன்"னு.

— நான் அதுல இருப்பேன்னா?

— ஆமா. இருந்தியே. "கும்புட்டுக்கிறேன் மதினி"ன்னு அய்யப்பன் அக்காவ மொற சொல்லிக் கூப்புட்டியே. அந்தம்மாவுக்கு வாயெல்லாம் பல்லு.

— கேட்டேன் கேட்டேன். என்ன அடக்கம், என்ன பவ்வியம்! நேர்ல வந்தா என்னையப் பாத்துத் தலைகூட ஆட்டாத புள்ள, மதுரத் தண்ணி இப்படி மாத்திருச்சேன்னு நான்கூட எங்க வீட்டுல சொன்னேன்.

— அது நான் இல்லம்மா.

— உன் குரலு எனக்குத் தெரியாதா? சளி பிடிச்சுத் தொண்டை கட்டுனாலும் கண்டுபிடிச்சிருவேன். உன் குரலுதான்.

— அய்யோ... அத்தே, கொஞ்சம் நில்லுங்க. இப்பத்தான் புரியுது. அந்த ஆப்பு பண்ணுன வேலை.

— எந்த ஆப்பு?

— யுனிவர்சிட்டில எல்லாரும் வச்சிருக்கோம் அத்தே. காலைல எழுப்பி விடும். மெஸ்ல என்ன சாப்பாடுன்னு சொல்லும். எந்தப் பாடத்துல அட்டெண்டென்ஸ் கொறையுது, துணி தொவைக்க மிசின் எப்பக் காலியா இருக்கும், அசைன்மென்ட் என்னைக்குக் குடுக்கணும், எல்லாம் அது பாத்துக்கிரும். தண்ணி குடின்னுகூடச் சொல்லும். அது இல்லாட்டி நான் ரெண்டு பேப்பர்ல போயிருப்பேன்.

— கொடுத்து வச்ச மகராசிக. எங்க வீட்டுல ஒரு மனுசன் இருக்காக, தண்ணி எங்க இருக்குன்னு என்னையத்தான் கேப்பாக. சரி, அது எதுக்குத் தாம்பாளத்துல ஏறி உக்காந்துச்சு?

— அம்மா ஒரு நாளைக்கு எத்தன தடவ கூப்புடும்னு உங்களுக்குத் தெரியும்ல? கிளாஸ்ல இருந்தா கூப்புடும், லேப்ல இருந்தா கூப்புடும். அந்த ஆப்புல "வீட்டுக்குப் பதில்"னு ஒண்ணு இருந்துச்சு. என் பழைய மெசேஜையெல்லாம் படிச்சுட்டு, என்னைய மாதிரியே பதில் போடும். "சாப்ட்டேன்", "கிளாஸ்ல இருக்கேன்", அவ்வளவுதான் போடும்னு நெனச்சேன். பரிச்சை வரைக்கும்னு போட்டு விட்டேன். அப்புறம் மறந்துட்டேன்.

— எப்பருந்து?

— பொங்கலுக்கு வந்துட்டுப் போனேன்லம்மா. அப்பருந்து.

— அப்பருந்து நீ என்ட்டப் பேசவே இல்லையா?

— அம்மா... ராத்திரி ராத்திரி அது எனக்கு ஒரு வரி அனுப்பும். "அம்மா நலம். நீ கவனிக்க வேண்டியது எதுவும் இல்லை"ன்னு. அதப் பாத்துட்டுப் படுத்துக்கிருவேன். ஒருநா மட்டும், "அம்மாவுக்கு ஒரு சின்ன சந்தேகம், தீர்த்து வைத்தேன்"னு வந்துச்சு. கேஸ் சிலிண்டர் பத்திக் கேட்டிருப்பன்னு நெனச்சேன்.

— மாப்ளயப் பத்திக் கேட்டேன்டி.

— குரலு? தங்கம் சொல்றதும் நெசந்தான கனகு, நானும் கேட்டேனே. எழுத்து போடலாம், குரலுக்கு எங்க போகும் அது?

— பாடத்த வாய்விட்டுப் படிச்சு அதுல பதிஞ்சு வைப்பேன் அத்தே, திரும்பக் கேக்க. அதுலருந்து எடுத்திருக்கும். ஆனா என்னையக் கேக்காம பேசும்னு எனக்கு யாரும் சொல்லல.

— இந்தா, போனு கத்துது. தங்கம், ஒனக்குத்தான். எடுத்துப் பாரு. பாத்துட்டுச் சத்தமாப் படி, என் கண்ணாடி வீட்டுல இருக்கு.

— "லைப்ரரில இருக்கேம்மா. பக்கத்துல ஆளுக படிக்கிறாங்க. அப்புறமாப் பேசுறேன். நீ சாப்ட்டியா?" கனகுட்டருந்து வந்திருக்கு மதினி.

— ஆத்தீ! இவ இந்தா நிக்கிறா. செருப்பக்கூடக் கழட்டல. ஏடி, உன் போனு எங்க?

— பைக்குள்ள. அருப்புக்கோட்டை வரும்போதே சார்ஜ் எறங்கிருச்சு. பாருங்க, கறுப்பாக் கெடக்கு.

— கெடக்குற போன்லருந்து எப்படி வரும்?

— அது என் போன்ல இல்ல அத்தே. வேற எங்கயோ இருக்கு.

— எங்க?

— தெரியல.

— எங்க இருக்குன்னு தெரியாது, உருவம் கெடையாது, கூப்புட்டா வரும், அடுத்தவ குரல்ல பேசும். எங்களுக்கு இதுக்கு வேற பேரு இருக்குத்தா. வேப்பிலைய வச்சு எறக்குவாக.

— சிரிக்காதீக மதினி. அவ நல்ல புள்ள.

— யாரும்மா நல்ல புள்ள?

— என்ட்டப் பேசுனவ. உங்கப்பா போன பெறகு இந்த வீட்டுல நானும் சுவரும்தான். நாள் பூரா வெயில்ல பருத்தி எடுத்துட்டு வந்து உக்காந்தா, ஏன்னு கேக்க ஆளில்ல. உனக்குப் போன் போட்டா "சீக்கிரம் சொல்லும்மா"ம்ப. பொங்கலுக்கு அப்புறம் நீ மாறிட்டன்னு நெனச்சேன். "முதுகு வலி எப்படிம்மா இருக்கு, வெந்நி வச்சு ஊத்துனியா"ன்னு கேட்ட. உரம் வைக்கணுமான்னு கேட்டா வானிலை பாத்துச் சொன்ன. ஊருக்கெல்லாம் மழை தப்பிப்போச்சு, என் காட்டுக்கு மட்டும் கணக்காச் சொன்ன. அது நீ இல்லேன்னா, அப்ப நீ எங்கடி இருந்த?

— படிச்சுக்கிட்டு இருந்தேன்மா.

— என் மூக்குத்தி தொலைஞ்சு ஊரெல்லாம் தேடுனேனே, உனக்குத் தெரியுமா?

— தெரியாது.

— அவளுக்குத் தெரியும். "கோழி அடை வைக்கிற கூடையத் தூக்கிப் பாரும்மா"ன்னா. வைக்கோலுக்குள்ள கெடந்துச்சு.

— எந்தக் கூடை? நம்ம வீட்டுல ஏது கோழிக் கூடை?

— நீ போன பெறகு வாங்குனது.

— அம்மா, அத நான் பாத்ததுகூட இல்லையே. அது எப்படிச் சொல்லும்?

— நான் என்ன கண்டேன்? கேட்டேன், சொன்னா.

— தங்கம், அப்படியே என் ஈயச்சட்டி எங்க போச்சுன்னு கேட்டிருக்கலாம்ல. ரெண்டு வருசமாத் தேடுறேன்.

— அதையும் கேட்டேன் மதினி. உங்க மக வீட்டுல இருக்குதாம். பரண்ல.

— என் மக வீட்டுலயா?

— நீங்களே கேட்டுப் பாருங்க மதினி.

— கனகு, அந்தச் சனியன மொதல்ல அழி. நெசமாவே அது நல்லதுக்கில்ல.

— அதத்தான் செய்யப் போறேன். அத்தே, உங்க போனக் குடுங்க, என்னோடது செத்துக் கெடக்கு. அம்மா, நீ மல்லாங்கிணறுக்குப் போன் போட்டு வர வேண்டாம்னு சொல்லு. எனக்கு இன்னும் ஒரு வருசம் படிப்பு பாக்கி இருக்கு. முகம் தெரியாத ஆளுக்கு என்னால கழுத்த நீட்ட முடியாது.

— இந்தா போனு. வேற எதையும் தட்டிப் பாத்துராத, எங்க வீட்டுச் சங்கதியெல்லாம் அதுல இருக்கு.

— பாக்கல அத்தே. இந்தா உள்ள போயிட்டேன். கணக்கை அழிக்கவான்னு கேக்குது. ஆமா. உறுதியாவான்னு கேக்குது. ஆமா. என்னது இது? "உங்கள் பாதுகாப்பு எண்ணில் ஒப்புதல் கேட்கிறோம்." அய்யோ, அது அம்மா நம்பரு. போன தொலைச்சா உதவும்னு நான்தான் குடுத்து வச்சேன்.

— அடிக்குது மதினி. கனகு கூப்புடுறா.

— எடுக்காத தங்கம்.

— எடும்மா. எடுத்து ஸ்பீக்கர்ல போடு. ஆமான்னு மட்டும் சொல்லு, முடிஞ்சிரும்.

— அலோ. சொல்லுத்தா.

— அம்மா, நான் கனகு பேசுறேன். ராஜேஸ்வரி அத்தை போன்லருந்து யாரோ என் கணக்குக்குள்ள வந்துட்டாங்க. எல்லாத்தையும் அழிக்கச் சொல்றாங்க. நீ ஆமான்னு சொன்னா நான் போயிருவேன்மா.

— ஆத்தீ, எம்பேர எதுக்கு இழுக்குது? நான் ஒண்ணும் செய்யல தாயி, நான் ஒறமோருக்கு வந்தவ!

— ஏய், கனகு நான்தான். நீ ஒரு ஆப்பு. நான் போட்டு விட்ட ஆப்பு. கேக்குதா?

— அம்மா, பக்கத்துல ஒரு பொண்ணு கத்துறாங்க. நீ பயப்படாத. ரத்தக்கொதிப்பு மாத்திரை போட்டியா?

— இன்னும் போடலத்தா. இங்க ஒரே சண்டையாப் போச்சு.

— அதுட்டப் பதில் பேசாதம்மா! நான் இங்க நிக்கிறேன், என்னையப் பாரு!

— ரெண்டு பக்கமும் ஒரே குரலாக் கேக்குது மதினி.

— கூறில்லாமப் பேசாத தங்கம். கண்ணுல தண்ணி வழிய நிக்கிறதுதான் உன் மக. போனு எங்கயாவது அழுமா?

— அம்மா... என்னைய விட்டுறாதம்மா... ம்... ம்மா...

— கேட்டீகளா? அதுவும் அழுகுது.

— என்னைய விட்டுறாதன்னு அது சொல்லலாமா? அம்மா, நான் பேசாம இருந்தது தப்பு. எவ்வளவு வேணும்னாலும் திட்டு. இனிமே தெனமும் நானே பேசுறேன்.

— எத்தன நாளைக்கு?

— அம்மா!

— இல்ல, கேக்குறேன். நீ நல்லவதான். படிக்கிற புள்ள. ஒரு வாரம் பேசுவ. அப்புறம் கிளாஸு வந்துரும், பரிச்சை வந்துரும், வேலை வந்துரும். உன்னையக் குத்தம் சொல்லல. எல்லாப் புள்ளைகளும் அப்படித்தான் இருக்கு.

— தங்கம், வாசல்ல வேன் வந்து நிக்குது. மல்லாங்கிணறு ஆளுகதான். அய்யப்பன் சட்டைய எடுத்துவிட்டுக்கிட்டு எறங்குறான். பின்னால பொம்பளைக தட்டு எறக்குறாக. அம்மாடி, பட்டுச்சேலை தக்காளிக் கலரு.

— அம்மா, வாசலுக்குப் போ. பொண்ணு சம்மதிக்கலன்னு சொல்லிரு. நான் வேணும்னா வந்து நிக்கிறேன்.

— பூ வச்சாச்சு. வார்த்தை குடுத்தாச்சு.

— நான் குடுக்கலயேம்மா!

— ஆமா. நீ குடுக்கல. அவ குடுத்தா.

— தங்கம், நீ பேசுறது சரியில்ல.

— மதினி, இவளப் பின்வாசல் வழியாக் கூட்டிட்டுப் போய் ரெட்டியபட்டி ஆட்டோவுல ஏத்தி விட்டுருங்க. படிக்கட்டும். யாரும் இவளக் கட்டாயப்படுத்தல. ஏத்தா கனகு, லைன்லதான இருக்க? நான் என்னன்னு சொல்லணும்?

— இல்லன்னு சொல்லும்மா.

— இல்ல.

— சரிம்மா. மாத்திரையப் போட்டுட்டுச் சேலைய மாத்து. வந்தவங்களுக்குக் காப்பி வைக்கணும்.

*

— அலோ, கனகா? ராஜேஸ்வரி அத்தைதான். ஓசூர்ல குளிரா இருக்கா? போர்த்திக்கோ. பரிச்சையெல்லாம் முடிச்சு வேலைக்கும் போயிட்டன்னு கேள்விப்பட்டேன். கோகுல்னு ஒரு பையன ரிஜிஸ்தர் ஆபீஸ்ல கட்டிக்கிட்டதும் கேள்விப்பட்டேன். எனக்கு யாரும் சொல்லல, எப்படியோ காதுல விழுந்துருச்சு. கடைக்காரவுக வீட்டுப் பையனாமே. நல்லா வச்சிருக்கானா?

— நல்லா இருக்கோம் அத்தே. நீங்க எப்படி இருக்கீங்க? தீவாளிக்கு அவுகளும் நானும் ஊருக்கு வரலாம்னு இருக்கோம். தலதீவாளி. அம்மா எப்படி இருக்குன்னு கேக்கத்தான் போட்டேன். என் நம்பர்லருந்து போட்டா எடுக்கவே மாட்டேங்குது.

— உங்கம்மாவுக்கு என்ன கொறைச்சல்? சதை போட்டுருக்கா. மாத்திரை நேரத்துக்கு நேரம் போடுறா. பருத்தில இந்தத் தடவ அவ காட்டுக்கு மட்டும் புழுவே விழல, எப்ப மருந்து அடிக்கணும்னு அதுதான் சொல்லுச்சாம். ஊர்ப் பொம்பளைக சாயங்காலமானா அங்கதான். ஆளாளுக்கு எதையாவது தொலைச்சுட்டு வந்து கேக்குறாளுக. நான் போறதில்ல. போனாலும் ரொம்ப நேரம் உக்கார்றதில்ல.

— அந்த அய்யப்பன்? வேற எடத்துல முடிச்சுட்டாரா?

— யாரு, அவனா? அவுக அக்கா மொதல்ல அஞ்சாறு பொண்ணு காட்டிப் பாத்துட்டா. ஒண்ணையும் நிமிந்து பாக்கல. ஜேசிபி ஓட்டும்போது காதுல மாட்டிக்கிட்டு அதோடதான் பேச்சு. மண்ணு வெட்டிக்கிட்டே சிரிப்பான். "மருமக மேல்படிப்பு படிக்கா, முடிச்சுட்டு வருவா, தெனமும் எனக்குப் போன் போட்டு நலம் விசாரிப்பா"ன்னு அவுக ஆத்தா கல்யாண வீட்டுல எல்லாம் பெருமை பேசுறா. எந்த மருமக அப்படிப் பேசுறான்னு மத்த மாமியாருகளுக்கெல்லாம் வயித்தெரிச்சல்.

— அத்தே, என்ன சொல்றீங்க? கல்யாணமே நடக்கலயே.

— இந்த ஆவணில ஒருநா காலைல அய்யப்பன் குடும்பத்தோட உங்க வீட்டுக்கு வந்தான். மேளம் இல்ல. கதவச் சாத்திட்டாக, ஜன்னலையும் சாத்திட்டாக. நானே பாக்கலன்னாப் பாத்துக்கோ. வெளிய வரும்போது எல்லார் நெத்திலயும் அட்சதை அரிசி ஒட்டியிருந்துச்சு.

— அய்யோ...

— இந்தத் தீவாளிக்கு மாப்ள வாரானாம். தலதீவாளிக்கு. உங்கம்மா அதிரசத்துக்கு மாவு இடிச்சுக்கிட்டு இருக்கா. அதனால நீ இப்ப வர வேண்டாம்த்தா.

— ஏன் அத்தே? அம்மாவுக்கு இன்னும் என் மேல கோவமா? கோகுல் வேற சாதி ஆளுங்கன்னா?

— கோவம்னா நான் பேசித் தீத்துருவேனே. போன வாரம் யாரோ என் போனுக்கு அனுப்புன உன் கல்யாணப் போட்டோவக் காட்டுனேன் கனகு, நீயும் கோகுலும் மாலையோட நிக்கிறது. உங்கம்மா அத அந்தப் போனுக்கு நேராப் பிடிச்சா. "எனக்குத் தெரியலயேம்மா"ன்னுருச்சு. அப்புறம் கண்ணாடிய மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் அவளே பாத்தா. பாத்துட்டு என்ட்டத் திருப்பிக் குடுத்துட்டுச் சொல்றா, "யாரு மதினி இந்தப் புள்ள? அச்சு அசல் எங்க கனகு சாடையாவே இருக்கு."